பின் பொக்கெட் அட்டை

மஞ்சள் அட்டை சட்டைப் பொக்கெட்டில் இருக்கும். சிவப்பு, காற்சட்டையின் பின் பொக்கெட்டில். விசில் பிடித்த நாளிலிருந்து எனக்கு இதுதான் வழக்கம். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல மத்தியஸ்தர்கள் இப்படி வைப்பார்கள். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கை பின்னால் போய்த் திரும்ப இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் கண்டதை இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

போன சித்திரை வருடப்பிறப்புக்குத் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியில் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில், கடைசி ஆட்டத்தில், அந்தக் கை பின்னால் போனது. வெளியூர் அணியின் இடதுபக்கப் பொடியன் ஒருவன் போலை உருட்டிக்கொண்டு கோட்டோரமாக ஓடி வருகிறான். எங்கள் ஊர்ப் பின்வரிசைக்காரன் எதிரே பாய்கிறான். இரண்டு காலும் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டன. முழங்கால் மடங்கவில்லை. பூட்ஸின் அடி முழுக்க முன்னால் தெரிகிறது. முதலில் பட்டது போலில்தான், அதில் சந்தேகமே இல்லை. போல் வெளியே பறந்தது. அதே வேகத்தில் இரண்டு பூட்ஸும் மற்றவனின் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பில் போய் நின்றன. விழுந்தவன் உருண்டு எழும்பி, நொண்டி நொண்டி இரண்டு அடி நடந்தான். இரத்தம் இல்லை, முறிவும் இல்லை.

நான் சிவப்பை எடுத்தேன்.

“மாமா, போலத்தான் அடிச்சன்! நீங்களே பாத்தீங்கதானே!”

அவன் எனக்குத் தூரத்து உறவில் மருமகன் முறை. மைதானம் முழுக்க அதையே சொன்னது. “போல் பட்டது, போல் பட்டது.” கச்சான் விற்க வந்த அம்மாகூடச் சொன்னா. உதைபந்தாட்டத்தில் எங்கள் சனம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை இது. போலில் கால் பட்டுவிட்டால் பிறகு நடப்பதெல்லாம் விபத்து என்று நினைக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. போலைத் தொட்ட ஒருவன் ஆளை ஆபத்தில் தள்ளியிருந்தால், தொட்டது அவனைக் காப்பாற்றாது.

ஆட்டத்தின் சட்டங்களை எழுதுவது 1886இல் தொடங்கிய சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபை. மொத்தம் 17 சட்டங்கள். முறைகேடுகளையும் தண்டனைகளையும் 12ஆவது சட்டம் சொல்கிறது. அதில் ஒருவனைத் தடுத்து விழுத்துவதற்கு மூன்று படிகள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதை நான் லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன், எங்கள் பக்கத்தில் அது தெரியாத பிள்ளை இல்லை. பின்னால் பாராமல் கைபிடியைத் திருப்பி, பக்கத்தில் வந்தவரின் சைக்கிளில் முட்டிவிடுகிறீர்கள். இது கவனக்குறைவு. “சொறி அண்ணே” என்றால் முடிந்தது. மைதானத்தில் இதற்கு ஒரு விசில், ஒரு நேர் உதை, அவ்வளவுதான். அட்டை தேவையில்லை. அடுத்தது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வருவதைக் கண்டும், விலகுவார்கள்தானே என்று வேகத்தைக் குறைக்காமல் வருவது. ஆபத்துத் தெரிந்தும் அசட்டை செய்கிறீர்கள். அதற்கு மஞ்சள். மூன்றாவது, பெட்டி நிறைய நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்தின் சரிவில் கியரை விட்டுவிடுவது. இனி அந்த வண்டியை ஓட்டுகிறவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது. இதைத்தான் புத்தகம் மிகையான பலம் என்கிறது, எதிராளியின் பாதுகாப்பைக் கெடுப்பது என்றும் சொல்கிறது. அதற்குச் சிவப்பு. முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா, ஒரு காலா, இரண்டு காலா என்ற பேதம் இல்லை.

சறுக்கிக்கொண்டு போய்ப் போலைப் பறிப்பது குற்றமே இல்லை. நன்றாகச் செய்தால் அது ஒரு அழகு. பின்னாலிருந்து வந்தாலே சிவப்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1998 உலகக் கிண்ணத்தை ஒட்டி, ஆளை ஆபத்தில் தள்ளும் பின்பக்கத் தடுப்புக்குச் சிவப்புத்தான் என்று கடுமையாக அறிவித்தார்கள். அதில் பாதி மட்டும் சனத்தின் மனதில் தங்கிவிட்டது.

“வேணுமெண்டு செய்யல்ல” என்பது அடுத்த வாதம். முன்பு சட்டத்திலேயே அது இருந்தது. வேண்டுமென்றே செய்தானா என்று மத்தியஸ்தர் தீர்மானிக்க வேண்டும். ஒருவன் மனதுக்குள் என்ன இருந்தது என்பது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது, விசில் ஊதுகிறவனுக்கு எப்படித் தெரியும்? 1990களின் நடுவில் அந்தச் சொல்லை இந்தக் குற்றங்களிலிருந்து எடுத்துவிட்டு, கவனக்குறைவு, அசட்டை, மிகை பலம் என்ற அளவுகளைக் கொண்டு வந்தார்கள். மனதை விட்டுவிட்டுக் காலைப் பார் என்று சொன்ன மாதிரி. எனக்குத் தெரிந்து மத்தியஸ்தர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை அதுதான்.

காலில் என்ன பார்ப்பது? எங்கே பட்டது என்பதை முதலில் பார்ப்பேன். பாதத்தில் பட்டால் ஒரு கணக்கு, கணுக்காலுக்கு மேலே ஏறினால் வேறு கணக்கு, முழங்கால் என்றால் கை தானாகப் பின்னால் போகும். எதனால் பட்டது என்பதும் முக்கியம். பாதத்தின் மேற்பக்கத்தால் தட்டுவதும் பூட்ஸின் அடியால் மிதிப்பதும் ஒன்றல்ல. முழங்கால் மடங்கியிருந்தால் அடி பட்டதும் கால் பின்வாங்கும், உள்ளே போகாது. விறைத்து நீட்டியிருந்தால் பாயும் உடம்பின் பாரம் முழுக்க அந்தக் குதிக்குப் பின்னால் வரும். ஒரு காலாவது நிலத்தில் ஊன்றியிருந்ததா, எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தான், போல் அவனுக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததா, கடைசி நேரத்தில் காலை இழுக்கப் பார்த்தானா? எழுதும்போது நீளமாக இருக்கிறது. மைதானத்தில் இதெல்லாம் ஒரே பார்வை.

வெறுங்கால் ஆட்டத்தில் இந்தக் கணக்குகள் கொஞ்சம் மாறும். 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பக்கத்துச் சனம் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்காக இருந்தது. தகரக் கொட்டில்களுக்குப் பக்கத்து வெட்டையில் பின்னேரங்களில் பொடியன்கள் உதைத்து விளையாடுவார்கள். நான் விசில் ஊதிப் பழகியது அங்கேதான். செருப்பே இல்லாத பிள்ளைகளிடம் பூட்ஸ் எங்கே? அந்த ஆட்டங்களில் பாய்ந்து அடிக்கிறவனைக் காண்பது அரிது. வெறுங்காலோடு பாய்ந்தால் அடிக்கிறவனுக்கும் வலிக்கும். பிறகு ஊர்களுக்குப் பூட்ஸ் வந்தது. சிலருக்குப் பூட்ஸ் இருந்தது, சிலருக்கு இல்லை. வலி ஒரு பக்கத்துக்கு மட்டும் போனது அப்போதுதான். சப்பாத்தும் முன்னெலும்புக் காப்பும் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி மேஸுக்குள் சொருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவேன். விடாவிட்டால் ஆட்டமே நடக்காது.

நான் பிழைவிட்ட கதையையும் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன், பக்கத்து ஊர் ஒன்றில் அரையிறுதி. கோல்காப்பாளர் நீட்டி உதைத்த போலுக்குப் பின்னால் எல்லாரும் ஓட, நான் முப்பது மீற்றர் பின்னால் இளைத்துக்கொண்டு வருகிறேன். முன்னால் இரண்டு பேர் மோதினார்கள். எனக்குத் தெரிந்தது தடுத்தவனின் முதுகு மட்டும். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காணாததற்கு எப்படிச் சிவப்புக் கொடுப்பது என்று மஞ்சளை எடுத்தேன். விழுந்தவனை அன்றிரவு மூதூர் வைத்தியசாலைக்கும் மறுநாள் திருகோணமலைக்கும் கொண்டுபோனார்கள். கணுக்கால் முறிவு. அந்த மாரிப்போகத்து வெட்டுக்கு அவன் வயலில் இறங்கவில்லை. ஆனால் அன்றைய ஆட்டம் அதோடு முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து, போல் மைதானத்தின் மறுகோடியில் இருக்கும்போது, விழுந்தவனின் தமையன் போய்த் தடுத்தவனின் முகத்தில் குத்தினான். சனம் உள்ளே இறங்கியது. கமுக மரத்தில் செய்து நட்டிருந்த கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். நான் பள்ளிக்கூட அலுவலக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

குத்தியவனுக்கும் சிவப்புத்தான் உரியது, ஆனால் அது வேறு சிவப்பு. போலுக்காகப் போட்டியிடும்போது எல்லை மீறினால் அது பாரதூரமான முறைகேடு. போலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆளைத் தாக்கினால் வன்முறை நடத்தை. 2006 உலகக் கிண்ண இறுதியில் சிதான் மத்தராசியின் நெஞ்சில் தலையால் இடித்தது இந்த இரண்டாவது வகை. அங்கேயும் போல் வேறெங்கோ இருந்தது. துப்பினால், கடித்தால், தூஷணத்தால் ஏசினால் சிவப்பு. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் வாங்கினாலும் சிவப்பு. உறுதியான கோல் வாய்ப்பைக் குற்றம் செய்து கெடுப்பதற்கும் உண்டு. 2016இலிருந்து அதில் ஒரு தளர்வு இருக்கிறது: தண்ட உதைப் பரப்புக்குள் போலைப் பறிக்கும் முயற்சியில் நடந்தால் தண்ட உதையும் மஞ்சளும் போதும். மூதூரிலும் கிண்ணியாவிலும் இதற்காக இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

அந்த அரையிறுதிக்குப் பிறகு நான் ஓடும் பாதையை மாற்றினேன். போலுக்கு நேர் பின்னால் ஓடுகிறவனுக்கு முதுகுகள்தான் தெரியும். பக்கவாட்டில், பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி நின்றால் இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள வெளி தெரியும். அந்த வெளிக்குள்தான் எல்லாம் நடக்கிறது. போலையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. போல் போய்ச் சேருமுன் தடுக்கப்போகிறவனின் காலில் கண் இருக்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கிறது. 2010 உலகக் கிண்ண இறுதியில் நெதர்லாந்தின் டி ஜோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் அடியால் மிதித்தார். இங்கிலாந்து மத்தியஸ்தர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள். பார்வை மறைந்துவிட்டது, அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று அவரே பிறகு சொன்னார். 1982 அரையிறுதியில் மேற்கு ஜேர்மனியின் கோல்காப்பாளர் ஷுமாக்கர் பாய்ந்து மோதியதில் பிரான்சின் பத்திஸ்தோனுக்குப் பல் உடைந்தது, முதுகெலும்பில் அடி, நினைவும் தப்பியது. மத்தியஸ்தர் கொடுத்தது கோல் உதை. அட்டையும் இல்லை, ஒரு நேர் உதைகூட இல்லை. இதை முதன்முதல் வீடியோவில் பார்த்த இரவு, எனக்கு அந்தப் பள்ளிக்கூட அறையின் ஞாபகம்தான் வந்தது.

மறுபக்கத்துப் பிழையும் உண்டு. காயத்தைப் பார்த்து அட்டையைத் தீர்மானிப்பது. 2019 நவம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் டொட்டன்ஹாமின் சொன், ஆந்திரே கோமெசைப் பின்னாலிருந்து இடறிவிட்டார். சாதாரண இடறல்தான். விழுகிற போக்கில் கோமெஸ் இன்னொரு வீரரோடு மோத, கணுக்கால் பார்க்க முடியாதபடி திரும்பிவிட்டது. மத்தியஸ்தர் முதலில் மஞ்சளை எடுத்தவர், அந்தக் காலைக் கண்டதும் சிவப்புக்கு மாற்றினார். இரண்டு நாளில் இங்கிலாந்துச் சங்கம் அந்தச் சிவப்பை நீக்கியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் முதலில் மஞ்சளுக்குப் போன கைதான் சரியான கை. எங்கள் சித்திரை ஆட்டத்தில் விழுந்தவன் எழும்பி நடந்தான், அதனால் சிவப்பு அநியாயம் என்றார்கள். அவன் நடந்தது அவனுடைய அதிர்ஷ்டம். அடித்தவனின் கணக்கில் அதை எப்படி வரவு வைப்பது?

அட்டைகள் வந்த கதை எங்கள் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். 1962இல் சிலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் சிலி–இத்தாலி ஆட்டத்தை ஊதியவர் இங்கிலாந்துக்காரரான கென் அஸ்டன், தொழிலில் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் வெளியேற்றிய இத்தாலி வீரர் போக மறுக்க, பொலிஸ் வந்து இழுத்துப்போனது. 1966இல் அவர் உலகக் கிண்ண மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். இங்கிலாந்து–ஆர்ஜென்டினா ஆட்டத்தில் ஜேர்மன் மத்தியஸ்தர், ஆர்ஜென்டினாத் தலைவர் ரத்தினை வெளியேற்றினார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. ரத்தின் பல நிமிடம் போகாமல் நின்றார். அதை யோசித்துக்கொண்டே அஸ்டன் லண்டனில் கார் ஓட்டிப் போகையில், வீதி விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியதாம். அந்த இரண்டு நிறத்தில் 1970 மெக்சிக்கோவில் அட்டைகள் வந்தன. அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு சிவப்பும் எடுக்கப்படவில்லை. முதல் சிவப்பு 1974இல், சிலியின் கார்லோஸ் கசேலிக்கு. சேருவில பக்கத்துச் சிங்கள அணியும் தோப்பூர் அணியும் எங்கள் அணியும் ஒரே சுற்றுப்போட்டியில் ஆடும்போது எனக்கு அஸ்டனின் ஞாபகம் வரும். என்னுடைய சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், சண்டை விலக்கப் போதாது. அட்டையைத் தூக்கினால் மூன்று பேருக்கும் விளங்கும்.

விளங்கினால் மட்டும் போதாது என்பதற்குக் கொல்கத்தா இருக்கிறது. 1980 ஓகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ், ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் லீக் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாக வீழ்த்தினார். போஸ் திருப்பி அடித்தார். மத்தியஸ்தர் சுதின் சட்டர்ஜி இருவரையும் வெளியேற்றினார். ஒன்று முறைகேடு, மற்றது பதிலடி, இரண்டுக்கும் சிவப்பு. புத்தகப்படி அதில் குறை காண முடியாது. ஆனால் பார்வையாளர் பக்கத்தில் மூண்ட அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் செத்துப்போனார்கள். மேற்கு வங்கத்தில் ஒவ்வொரு ஓகஸ்ட் 16உம் அவர்களை நினைவுகூருகிறார்கள். இளம் மத்தியஸ்தர்களிடம் நான் இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. முதல் முரட்டு அடி விழும்போதே விசில் கேட்க வேண்டும், அட்டையைத் தூக்கிய கையோடு பதிலடிக்கு ஓடி வருகிறவனுக்கும் அடித்தவனுக்கும் நடுவில் போய் நின்றுவிட வேண்டும். சிவப்புக்குரிய முரட்டு அடி விழுந்தால் ஆட்டத்தை ஓட விடாதே, கோல் விழப்போகிற வாய்ப்பு அப்பட்டமாகத் தெரிந்தால் தவிர, என்று வழிகாட்டல் இருப்பதும் இதனால்தான்.

ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. அறிக்கை எழுத வேண்டும். என் முதல் அறிக்கையில் “மிகவும் மோசமாகத் தாக்கினார்” என்று எழுதியிருந்தேன். வாசித்த மூத்த மத்தியஸ்தர் கேட்டார்: “எந்தக் கால் தம்பி? எந்த இடத்தில பட்டது? போல் எங்க? நீ எங்க நிண்ட?” மோசம் என்ற சொல்லை வெட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும்: 61ஆவது நிமிடம், பின்வரிசை வீரர் இரண்டு காலும் நிலத்தில் இல்லாமல், முழங்கால் விறைத்த நிலையில், இரு பூட்ஸ் அடியாலும் எதிராளியின் வலது முன்னெலும்பில் மோதினார், போல் அதற்கு முன் வெளியேறியிருந்தது, நான் 12 மீற்றர் தூரத்தில் பக்கவாட்டில் நின்றேன்.

சித்திரை ஆட்டத்தன்று இரவு, சிவப்பு வாங்கிய மருமகனின் கூட்டாளிகள் நாலு பேர் கைத்தொலைபேசியோடு வீட்டுக்கு வந்தார்கள். “சேர், இதைப் பாருங்க, ஸ்லோமோஷன்ல தெளிவாத் தெரியுது.” பார்த்தேன். பூட்ஸ் மெதுவாகப் போலைத் தொடுகிறது, மெதுவாகப் போல் விலகுகிறது, மெதுவாகப் பூட்ஸ் காலில் போய்ச் சாய்கிறது, ஏதோ தலையணையில் சாய்கிற மாதிரி. காணொளி உதவி மத்தியஸ்தர் முறை 2018இல் சட்டப் புத்தகத்துக்குள் வந்தபோதே இதற்கும் வழி சொல்லிவிட்டார்கள். எங்கே பட்டது என்று அறிய மெதுவாக ஓட்டலாம். எவ்வளவு வேகத்தில் பட்டது என்று அறிய, உள்ளபடி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். “சரி, இப்ப சாதாரணமா ஓட்டு” என்றேன். ஓட்டினார்கள். அரை விநாடிகூட இல்லை. ஒருவரும் பேசவில்லை. என் மனுசி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தா, குடித்துவிட்டுப் போனார்கள்.

சிறுபோகத்துக்கு உழ வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் சொல்லிவைக்கக்கூடிய லேண்ட்மாஸ்டர் ஒன்றே ஒன்று, அதுவும் அந்த மருமகன் வீட்டில். வேறு ஆள் பார்ப்போமா என்று மனுசி கேட்டா. நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடியவே அவன் வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு ஏக்கரையும் உழுது முடித்து, கூலியை எண்ணி மடித்து வைத்துக்கொண்டு, வரம்பில் நின்று சேற்றுக் காலைக் கழுவினான்.

“மாமா, ஒரு கால் நிலத்தில இருந்திருந்தா?”

“முழங்காலும் மடங்கியிருந்தா, மஞ்சள்.”

அவன் தன்னுடைய வலது முழங்காலை ஒரு தடவை மடக்கிப் பார்த்தான். பிறகு லேண்ட்மாஸ்டரை ஸ்டார்ட் பண்ணினான்.